ஹெலிகாப்டர் சுத்துது, வசனம் புரியல

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது பாதிக் காரணம். மீதிப் பாதி, மாடி ரூமை ஹோம் தியேட்டர் ஆக்கறேன்னு நானே இழுத்து விட்டுக்கிட்ட வேலை. நடுவுல ரெண்டு மூணு நண்பர்கள் "சரவுண்ட் ஸ்பீக்கர் எப்படிப் பாத்து வாங்கறது, அனுபவஸ்தன் நீ சொல்லு"ன்னு கேட்டிருந்தாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. மாடல் நம்பரும் விலைப்பட்டியலும் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். எனக்கு நடந்தது வேற கதை.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க ஊர் குமாரபாளையம். காவிரிக்கு இந்தக் கரையில நாங்க, அந்தக் கரையில பவானி. எந்தத் தெருவுல நின்னாலும் தறி சத்தம் கேக்கும். எங்களுக்கெல்லாம் அது சத்தமே இல்லை. கரண்ட் போய் தறி நின்னாத்தான் "என்னாச்சு"ன்னு தலையத் தூக்குவோம். அப்பா 31 வருஷம் விசைத்தறி ஓட்டினவர். சொந்தத் தறி இல்லை, கூலிக்குத்தான். ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். அந்தக் கூலியிலதான் நான் கோயமுத்தூர்ல இஞ்சினியரிங் படிச்சேன். அப்புறம் பெங்களூர்ல பொட்டி தட்டப் போனேன். 2020 லாக்டவுன்ல லேப்டாப்போட ஊருக்கு வந்தவன், டேமேஜர் புண்ணியத்துல இன்னும் பாதி நாள் ஊர்லேர்ந்துதான் வேலை.

2023ல பழைய ஓட்டு வீட்டை இடிச்சுட்டுக் கட்டினோம். எல்லாம் பேங்க் லோன்தான். மாடியில 15 அடிக்கு 11 அடி ஒரு ரூம் எனக்குன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். பூஜை ரூமுக்கு வாஸ்து பாத்துக்கிட்டு இருந்த கொத்தனார்கிட்ட போய், "அண்ணா, இந்த சுவத்துக்குள்ள ஸ்பீக்கர் வயருக்கு பைப் வைக்கோணும்"னு சொன்னப்ப அவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே!

இப்ப மேட்டருக்கு வருவோம்.

5.1ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முன்னாடி இடம், வலம், நடுவுல செண்டர்ன்னு மூணு ஸ்பீக்கர். பக்கவாட்டுல கொஞ்சம் பின்னால தள்ளி ரெண்டு சரவுண்ட். அந்த ".1"ங்கறது அடிச்சத்தத்துக்கான சப்வூஃபர். நேரா முன்னாடி பாக்கறதை 0 டிகிரின்னு வச்சுக்கிட்டா, முன் ஸ்பீக்கர் ரெண்டும் 30 டிகிரியில, சரவுண்ட் ரெண்டும் 100லேர்ந்து 120 டிகிரிக்குள்ள இருக்கணும்னு ஐடியூ பரிந்துரை இருக்கு. அதாவது காதுக்கு நேர் பக்கத்துல வச்சு, அங்கேருந்து ஒரு சாண் பின்னால தள்ளின மாதிரி. சோபாவை பின் சுவத்தோட ஒட்டிப் போட்டா இந்தக் கணக்கே வராது. அதனால நான் சோபாவை நாலடி முன்னாடி இழுத்துப் போட்டேன். "பின்னாடி இவ்ளோ இடம் சும்மா கெடக்குது, அரிசி மூட்டை வச்சுக்கட்டுமா"ன்னு அம்மா கேட்டாங்க. அரிசி மூட்டை சத்தத்தை உறிஞ்சும், அதனால வைக்கலாம்னுதான் தோணுச்சு. தங்கமணி முறைச்சதால விட்டுட்டேன்.

சரவுண்ட்ல மூணு ஜாதி உண்டு. முதல் ஜாதி நேரடி ஸ்பீக்கர்: முகத்தை உங்க பக்கம் திருப்பி வச்சா நேரா உங்களைப் பாத்துப் பேசும். அடுத்தது பைபோல்: ஒரே பெட்டியில முன்னும் பின்னுமா ரெண்டு முகம், ரெண்டும் ஒண்ணா தள்ளும், ஒண்ணா இழுக்கும். மூணாவது டைபோல்: அதுலயும் ரெண்டு முகம்தான், ஆனா ஒண்ணு தள்றப்ப இன்னொண்ணு இழுக்கும். நடுவுல உக்காந்திருக்கறவருக்கு நேரா ஒண்ணும் வராது. எல்லாம் சுவத்துல பட்டு, சுத்தி வந்து சேரும். சத்தம் எங்கேர்ந்து வருதுன்னே தெரியாம ரூம் பூரா நிறையும்.

டைபோலுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. 1987ல வீட்டுக்கு வந்த டால்பி ப்ரோ லாஜிக்ல சரவுண்டுக்கு ஒரே ஒரு ட்ராக்தான். அதுவும் 7000 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டிடும். ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வந்தா தலைக்குள்ள குத்துற மாதிரி இருக்கும். அதை மறைக்கத்தான் பரப்பி விட்டாங்க. தியேட்டர்ல பக்கவாட்டு சுவர் நெடுக வரிசையா ஸ்பீக்கர் மாட்டியிருக்கறதைப் பாத்திருப்பீங்க, அந்தப் பரவலை ரெண்டே பெட்டியில கொண்டு வர்ற வேலை அது. 1992ல டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்து, பிறகு டிவிடி வழியா வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சப்ப, இடது வலதுன்னு சரவுண்டுக்கே தனித்தனி ட்ராக், முழு அதிர்வெண்ணோட கிடைச்சது. 2012ல அட்மாஸ் வந்தப்புறம் இன்னும் துல்லியம். இப்ப சின்ன ரூமுக்கு நேரடி ஸ்பீக்கரே போதும்ங்கறதுதான் நிறைய பேர் சொல்றது.

இதெல்லாம் நானும் படிச்சிருந்தேன். படிச்சவன் கணக்கா நடந்துக்கிட்டேனா? அதான் இல்லை.

கோயமுத்தூர்ல ஒரு கடையில டெமோ கேக்கப் போனேன். இருட்டு ரூம், சாய்ஞ்சு படுக்கற நாற்காலி, சில்லுன்னு ஏசி. முதல்ல மழை பெஞ்சுது. அடுத்து ஒரு ஹெலிகாப்டர் தலைக்கு மேல ஒரு சுத்து சுத்துச்சு. (இந்த ஹெலிகாப்டர் வித்தைக்குக் கொள்ளுத்தாத்தா 1979ல வந்த 'அபோகலிப்ஸ் நவ்'. அதோட 70 எம்எம் பிரிண்ட்லயே பின்னாடி இடது வலதுன்னு பிரிச்சுக் கொடுத்திருந்தாங்க.) எந்தக் கடைக்குப் போனாலும் மழை, ஹெலிகாப்டர், துப்பாக்கி. ரெண்டு பேர் உக்காந்து பேசற சீனை டெமோ போட்டு நான் பாத்ததே இல்லை. அன்னிக்கு இதெல்லாம் தோணல. டைபோல் ஜோடி 42 ஆயிரம். 5 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டு, ஜிவ்வுன்னு பறந்துக்கிட்டே பஸ் ஏறினேன்.

சரவுண்ட் வர மூணு வாரம் ஆகும்னாங்க. ரிசீவர், முன் ஸ்பீக்கர் மூணு, சப்வூஃபர் எல்லாம் ஏற்கனவே வந்தாச்சு. கூட்டாளி ஒருத்தன் வீட்ல சும்மா கிடந்த பழைய குட்டி ஸ்பீக்கர் ஜோடியைக் கடன் வாங்கி சரவுண்டா மாட்டினேன். குடும்பத்தோட முதல் படம் போட்டேன். அப்பா வந்தார். கதவுக்குப் பக்கத்துல, சோபாவோட இடது ஓரத்துல உக்காந்தார். இருபது நிமிஷம்.

"நல்லாத்தான் இருக்குது சாமி. கண்ணு எரியுது, நான் போய் படுக்கறேன்"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார்.

பத்தே நிமிஷத்துல கீழே பழைய டிவி சத்தம். தெருவுக்கே கேக்கற மாதிரி.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இந்த ரூமை நான் எனக்காக மட்டும் கட்டல. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை தறி லீவுன்னா அப்பா என்னை சைக்கிள்ல தியேட்டருக்குக் கூட்டிப் போவார். பதிலுக்கு நான் அவரை உக்காத்தி வச்சுப் படம் காட்டணும்னு ஒரு ஆசை. அடுத்த வாரமும் கூப்பிட்டேன். "நீங்க பாருங்க"ன்னுட்டார். "மாமாவுக்குப் புடிக்கலைன்னா விடுங்களேன், ஏனுங்க கட்டாயப்படுத்தறீங்க"ன்னு தங்கமணி.

என் இஞ்சினியர் மூளை கண்டுபிடிச்ச காரணம் என்ன தெரியுமா? ஓசி ஸ்பீக்கர் சரியில்லை. டைபோல் வந்துட்டா அப்பா அசந்து போயிடுவார். :-)

*

ஒரு சனிக்கிழமை காலையில ரூமை ட்யூன் பண்ணிக்கிட்டு இருந்தேன். ரிசீவரோட ஒரு மைக் கொடுப்பாங்க. உக்கார்ற இடத்துல காது உயரத்துக்கு அதை வச்சா, ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம்னு தானே அளந்துக்கும். அது முடிஞ்சதும், எனக்குத் திருப்தி இல்லாம, செண்டர்ல மட்டும் ஒரு ஸ்வீப் ஓட்டினேன். 20 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு மெதுவா மேலே ஏறிக்கிட்டே போற ஒரே சத்தம். எங்கயாச்சும் திடீர்னு எகிறுதா, அமுங்குதான்னு பாக்கத்தான். சத்தமும் அதிகமில்லை, எதுத்தாப்புல உக்காந்து பேசற அளவுதான்.

அப்பா காபி டம்ளரோட மேல வந்தார். அவரோட ஓரத்துல உக்காந்தார். "என்ன சாமி இது, மாவு மில்லு மாதிரி"ன்னார். சிரிச்சேன். சத்தம் ஏறுச்சு. மாவு மில்லு விசிலாச்சு, விசில் இன்னும் கூர்மையாச்சு. 3000 தாண்டி 4000 பக்கம் போய்க்கிட்டு இருக்கு, எனக்குக் காது கூசுது.

"என்ன சாமி, நின்னு போச்சா?"

நான் அவர் முகத்தைப் பாத்தேன். விளையாட்டுக்குச் சொல்லல. காபி குடிச்சுக்கிட்டே சாதாரணமா கேக்கறார். விசில் ரூம் பூரா அலறிக்கிட்டு இருக்கு.

என் முதல் புத்தி எங்க போச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. ட்வீட்டர் போயிடுச்சா, அவர் உக்காந்திருக்கற கோணத்துல கேக்கலையோன்னு நினைச்சேன். எந்திரிச்சுப் போய் அவர் தலைக்குப் பக்கத்துல என் தலையை வச்சேன். கேக்குது. நல்லாவே கேக்குது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே இடத்துல, "நிறுத்திட்டியா?"

"ஆமாங்கப்பா, முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு ரிமோட்ல அமுக்கினேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. அப்பா டப்பிங் படம் பாக்கவே மாட்டார். "வாய் ஒண்ணு பேசுது, சத்தம் ஒண்ணு பேசுது"ம்பார். ரசனைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். தறிப்பட்டறையில ஓடற சத்தத்துல யாரும் காதால கேட்டுப் பேசறதில்லை, வாயசைவும் கைஜாடையும்தான். அவர் அங்க கத்துக்கிட்டதை வீட்லயும் செஞ்சுக்கிட்டிருந்திருக்கார். 2020ல எல்லாரும் மாஸ்க் போட்டப்ப மனுஷன் யார்கிட்டயும் பேசறதையே விட்டுட்டார். கொரோனா பயம்னு நினைச்சோம். போன்ல "காசு அனுப்பிட்டேன்"னா "காதா? காதுக்கு என்ன, நல்லாத்தான் இருக்குது"ம்பார். அதை வச்சு வீட்ல எத்தனை நாள் சிரிச்சிருக்கோம்!

அடுத்த வாரம் அவர் வேலை பாத்த பட்டறைக்குப் போய் போன்ல டெசிபல் பாத்தேன். போன் அளவு துல்லியம்னு சொல்ல மாட்டேன், ஆனா 97 காட்டுச்சு. அமெரிக்காவோட நையோஷ் அமைப்பு சொல்ற கணக்குப்படி 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88ன்னா 4 மணி நேரம், 91ன்னா 2, 94ன்னா 1. 97ன்னா அரை மணி. அப்பா நின்னது 12 மணி நேரம். 31 வருஷம். ஒரு நாளும் காதுல பஞ்சு வச்சு நான் பாத்ததில்லை.

*

ஈரோட்ல காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு மாசம் ஆச்சு. "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது"ன்னு ஒரே பிடிவாதம். அவர் சொன்னதும் பொய்யில்லை. கீழ் அதிர்வெண் எல்லாம் அவருக்கு ஓரளவு சரியாவே கேக்குது.

ஆடியோகிராம்னு ஒரு கிராப் கொடுத்தாங்க. ஆறு மாசமா நான் ஸ்பீக்கர் கிராப்பாப் பாத்துக் கண்ணு பூத்தவன். ப்ளஸ் மைனஸ் 3 டெசிபலுக்குள்ள கோடு நேரா இருந்தா நல்ல ஸ்பீக்கர்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சவன். அப்பாவோட கோடு 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெல்லச் சரிஞ்சு வந்து, 4000ல கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி 65 டெசிபலுக்கு இறங்கியிருந்துச்சு. ரெண்டு காதும் அப்படியே. இரைச்சல்ல கெட்ட காதுக்கு இந்த 4000 பக்கம்தான் முதல் அடி விழுமாம். உள்ளே இருக்கற நுண்ணிய முடி செல்கள் செத்தா திரும்ப முளைக்காது.

அங்க இருந்த ஆடியாலஜிஸ்ட் அம்மா சொன்னதுல எனக்கு உறைச்சது இதுதான். உயிரெழுத்தோட பலம் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ல இருக்கு. ச, ட, த, க மாதிரி எழுத்துகளை ஒண்ணுலேர்ந்து ஒண்ணு பிரிச்சுக் காட்டற நுனிச் சத்தம் மேலே இருக்கு. மேலே போயிட்டா, பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. காசும் காதும் ஒண்ணாயிடும். கூடவே பின்னணியில வேற சத்தம் இருந்தா சுத்தம்.

பின்னணியில வேற சத்தம்! 42 ஆயிரம் கொடுத்து நான் வாங்க இருந்ததே அதைத்தானே?

*

சரி, கடைசியில என்ன வாங்கினேன்னு கேப்பீங்க. கணக்கு இதோ:

1. டைபோல் கேன்சல். கடையில அட்வான்ஸைத் திருப்பித் தரல, வேற ஏதாச்சும் வாங்கினா கழிச்சுக்கறோம்னாங்க. முன் ஸ்பீக்கர் செஞ்ச அதே கம்பெனியோட சின்ன நேரடி ஸ்பீக்கர் ஜோடி 16 ஆயிரத்துக்கு எடுத்தேன். ஒரே கம்பெனி, ஒரே வரிசைன்னா குரலோட குணம் மாறாது. முன்னாடி போன கார் பின்னாடி வர்றப்ப லாரி ஆகாது. :-) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் சப்வூஃபர் பாத்துக்கும், அதனால சரவுண்ட் பெரிசா இருக்கணும்னு அவசியமே இல்லை.

2. மிச்சம் 26 ஆயிரம். என்கிட்ட இருந்த செண்டரை வித்த காசும் சேத்து நல்ல செண்டர் ஒண்ணு. படத்துல வசனம் பெரும்பாலும் செண்டர்லதான் வருது. பழைய செண்டர், ரெண்டு வூஃபருக்கு நடுவுல ட்வீட்டர் வச்சுப் படுக்கப் போட்ட வகை. நேரா உக்காந்தா பிரச்சனை இல்லை. ஓரத்துல உக்காந்தா ரெண்டு வூஃபர் சத்தமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு, பேச்சு இருக்கற இடத்துலயே பள்ளம் விழும். எங்க அப்பா எங்க உக்கார்றார்? ஓரத்துல. புதுசு மூணு வழி செண்டர். நடுவுல ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் ஒண்ணு மேல ஒண்ணு. ஓரத்துக்கும் அதே பேச்சு போகுது.

3. டைல்ஸ் தரை, வெறும் சுவர்னு ரூம் எதிரொலிச்சுது. எதிரொலி மெய்யெழுத்தைக் கொழப்பிடும். ஆத்தைத் தாண்டிப் போய் ரெண்டு பவானி ஜமக்காளம் வாங்கித் தரையில விரிச்சேன். மெல்லிசுங்கறதால அது மேல் அதிர்வெண்ணைத்தான் கொஞ்சம் அடக்கும். அதனால பக்கச் சுவத்துல ரெண்டு பக்கமும் மரச்சட்டம் அடிச்சு, இலவம்பஞ்சு மெத்தையைத் துணி சுத்தி மாட்டினேன். "மெத்தையை செவுத்துல மாட்டின வீடு ஊர்லயே நம்முளுதுதான்"னாங்க அம்மா.

4. ரிசீவர்ல ரெண்டு செட்டிங் சேமிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு மைக் சொன்னது. இன்னொண்ணு அப்பாவுக்கு: செண்டர் 3 டெசிபல் கூட, சரவுண்ட் 4 டெசிபல் கம்மி. மைக் ரூமைத்தான் அளக்கும், உக்காந்திருக்கறவர் காதை அளக்காது. இது தெரிய எனக்கு இவ்ளோ நாளாச்சு.

அஞ்சாவது, காது மிஷின். ரெண்டு காதுக்கும் சேத்து 70 ஆயிரம். சப்வூஃபர் மாத்தறதுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த போனஸ் பணம். காசு பிரச்சனையில்லை, அவரைச் சம்மதிக்க வைக்கறதுதான் பிரச்சனை. "இதை மாட்டிட்டுச் சந்தைக்குப் போனா செவிடன் வர்றான்ம்பாங்க"ன்னார். எனக்குப் பதில் தெரியல. நாங்க சொல்லி ஒண்ணும் நடக்கல. அவரோட தறி ஓட்டின இன்னொருத்தர் போன வருஷம் மாட்டிக்கிட்டாராம். அவரே ஒரு நாள் வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்து பேசிட்டுப் போனார். மறுநாள் காலையில அப்பா சட்டை போட்டுக்கிட்டு, "ஈரோடு போலாமா சாமி"ன்னு நின்னார்.

மிஷினோட முதல் தடவை ரூமுக்கு வந்தப்ப நான் பெருசா எதிர்பார்த்தேன். கண்ணு கலங்குவார், தோள்ல கை வைப்பார்னு எல்லாம். எல்லாம் சினிமா பாத்துக் கெட்ட புத்தி. உக்காந்தார். அண்ணாந்து மேலே பாத்தார்.

"அந்த ஃபேனை நிறுத்து சாமி. என்ன இந்த எரச்சல்."

நிறுத்தினேன். சித்திரை மாசம், மாடி ரூம், ஏசி இன்னும் போடல. வேர்வை ஊத்த ஊத்த நாங்க நாலு பேரும் முழுப் படம் பாத்தோம். இடைவேளை கூட விடல. நடுவுல ஒரு எடத்துல அப்பா மட்டும் சிரிச்சார், அந்த வசனத்தை நாங்க மூணு பேரும் தவற விட்டிருந்தோம். திரும்ப ஓட்டிக் கேட்டோம்.

இன்னும் அவர் உதட்டைப் பாக்கறதை விடல. டப்பிங் படம்னா இன்னும் எந்திரிச்சுப் போயிடுவார். சந்தைக்குப் போறப்ப மிஷினைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கறார்னு அம்மா சொன்னாங்க. மெதுவா வரட்டும்.

ஆக, சரவுண்ட் ஸ்பீக்கர் வாங்கப் போற மக்களே, கடையில போய் ஹெலிகாப்டர் கேக்காதீங்க. ரெண்டு பேர் மெல்லப் பேசற சீனைப் போடச் சொல்லிக் கேளுங்க. அதுக்கு முன்னாடி, உங்க வீட்ல யாராச்சும் டிவி சத்தத்தை வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே வர்றாங்களான்னு பாருங்க. சொன்னதைத் திரும்பக் கேட்டா எரிஞ்சு விழாதீங்க, ஒரு காது டெஸ்ட் பாத்துடுங்க. நான் பண்ணின ஸ்வீப் எல்லாம் வைத்தியம் ஆகாது, தற்செயல்.

டிஸ்கி: இப்ப ஃபேன் சத்தம் எனக்கும் தொந்தரவா கேக்க ஆரம்பிச்சிடுச்சு. சத்தமில்லாத ஃபேன் எதுன்னு தேடிக்கிட்டு இருக்கேன். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லல.